டே கேரில் சிக்கலான பெற்றோரைச் சமாளிப்பது: அட்மிஷன் முதல் ஒப்பந்தத்தை முடிப்பது வரை

டே கேரில் வரும் சண்டைகளைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால், பல நேரங்களில் பெற்றோரின் கோபம் நடந்த சம்பவத்தின் மேல் இருக்காது. தங்களுக்கு அது தாமதமாகத் தெரிந்தது, அல்லது வேறு யார் வாயாலோ தெரிந்தது என்பதுதான் கொதிக்க வைத்திருக்கும். குழந்தையின் முழங்காலில் ஒரு சிராய்ப்பு. விழுந்த கையோடு உங்களிடமிருந்து போன் போயிருந்தால், "ஓடியாடினா விழத்தானே செய்வான்" என்று பேச்சு முடிந்துவிடும். அதே சிராய்ப்பை இரவு குளிப்பாட்டும்போது அம்மாவே கண்டுபிடித்தால், மறுநாள் காலை வாசலிலேயே விசாரணை தொடங்கிவிடும். ஆகவே கீழே வரும் எல்லாப் படிகளும் இரண்டு வேலைகளைச் சுற்றியே அமைந்திருக்கின்றன: விதியை முன்கூட்டியே எழுத்தில் வைப்பது, செய்தியை முதல் ஆளாகச் சொல்வது.

அதற்கு முன், யாரைச் சிக்கலானவர் என்கிறோம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பயந்துபோன பெற்றோர் ஒரு வகை. குழந்தையைப் புதிதாக விட்டிருப்பார்கள், ஒரு நாளில் பத்துக் கேள்வி கேட்பார்கள், சாப்பிட்டானா என்று நான்கு முறை மெசேஜ் வரும். தகவல் ஒழுங்காகப் போனால் சில வாரங்களில் தானாக அடங்கிவிடும். எல்லை தாண்டுபவர்கள் இன்னொரு வகை. தினமும் தாமதமாக வருவார்கள், ஃபீஸைத் தள்ளிப்போடுவார்கள், காய்ச்சலோடு குழந்தையை விட்டுவிட்டுப் போவார்கள். இவர்களிடம் அன்பாக விளக்கிப் பயனில்லை, விதியும் அதன் விளைவும்தான் பேசும். மூன்றாவது வகை, கத்துபவர், மிரட்டுபவர். எண்ணிக்கையில் மிகக் குறைவு. ஆனால் நல்ல ஊழியர்களை வேலையை விட்டு ஓட வைப்பது இவர்கள்தான். பயந்தவரிடம் விதிப் புத்தகத்தை நீட்டுவதும், எல்லை தாண்டுபவரிடம் மாதக்கணக்கில் பொறுமை காட்டுவதும்தான் மையங்களில் வழக்கமாக நடக்கும் குளறுபடி.

படி 1: அட்மிஷனிலேயே பாதி வேலையை முடியுங்கள்

சேர்க்கைப் பேச்சுக்குக் குறைந்தது 45 நிமிடம் ஒதுக்குங்கள். அதில் பாதி நேரம் குழந்தையைப் பற்றிப் பெற்றோர் பேசட்டும்: எப்படித் தூங்குவான், எதற்குப் பயப்படுவான், அழுதால் எப்படிச் சமாதானம் ஆவான். மீதி நேரத்தில் ஒப்பந்தத்தை உட்கார்ந்து சேர்ந்து படியுங்கள். "வீட்டுக்குப் போய்ப் படிச்சிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க" என்று அனுப்பிவிட்டால் அதை யாரும் படிக்கப்போவதில்லை. பணம், நேரம், நோய் ஆகிய மூன்று பகுதிகளுக்குப் பக்கத்தில் தனித்தனியாகச் சுருக்கொப்பம் வாங்குங்கள். பின்னாளில் "இதை எங்ககிட்ட யாரும் சொல்லவே இல்லையே" என்ற பேச்சு வந்தால், அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினால் போதும்.

ஒப்பந்தத்தில் விட்டுப்போகக் கூடாதவை: ஃபீஸ் தேதியும் தவறினால் என்ன ஆகும் என்பதும், குழந்தை வராத நாட்களுக்கும் விடுமுறைக்கும் ஃபீஸ் உண்டா இல்லையா, மூடும் நேரமும் தாமதக் கட்டணமும், நோய் விதிகள், குழந்தையை அழைத்துச் செல்ல அனுமதி பெற்றவர்களின் பெயர், போட்டோ, அவசரத்துக்குப் பெற்றோரைத் தவிர இன்னும் இரண்டு பேரின் எண்கள், போட்டோ எடுக்கவும் பகிரவும் சம்மதம், புகாரை யாரிடம் எப்படிக் கொடுப்பது, இரு தரப்புக்குமான நோட்டீஸ் காலம். ஊழியர்களை மிரட்டினாலோ கைநீட்டினாலோ நோட்டீஸ் இல்லாமல் ஒப்பந்தம் முடியும் என்ற வரியையும் தனியாகச் சேர்த்துவிடுங்கள்.

முதல் சந்திப்பிலேயே சில அறிகுறிகள் தெரியும். இதற்கு முன் விட்டிருந்த எல்லா இடமும் மோசம் என்பவர், குழந்தையைப் பற்றி ஒன்றும் கேட்காமல் நேரே கட்டணப் பேரத்தில் இறங்குபவர், "ரூல்ஸ் எல்லாம் இருக்கட்டும், நமக்குள்ள பார்த்துக்கலாம்" என்பவர். இதில் ஒன்று இருந்தால் உஷாராக இருங்கள். மூன்றும் சேர்ந்திருந்தால், இடம் காலியாகக் கிடந்தாலும் சேர்க்காமல் இருப்பதே லாபம். சொந்தக்காரர், நண்பர் வீட்டுக் குழந்தைகளுக்கும் அதே படிவம், அதே கையெழுத்துதான். பேசக் கூச்சப்பட்டு நின்றுபோகும் பாக்கிகள் பெரும்பாலும் இங்கேதான் சேரும்.

படி 2: தினசரித் தகவலை ஓர் ஒழுங்கில் வையுங்கள்

சாயங்காலம் ஒப்படைக்கும்போது ஒரு குழந்தைக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் பெரிது. அந்த இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியாததைத் தினக் குறிப்பு சொல்ல வேண்டும்: எவ்வளவு சாப்பிட்டது, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை தூங்கியது, டயப்பர் மாற்றிய நேரங்கள், அன்று செய்த ஒரு விஷயம். "நல்லா இருந்தான்" என்பது தகவலே இல்லை. "பிளாக் அடுக்கினான், ஆறு வரைக்கும் போச்சு, விழுந்ததும் கைதட்டினான்" என்று ஒரு வரி எழுதினால், தன் பிள்ளையை ஒருவர் கவனித்துப் பார்த்திருக்கிறார் என்று பெற்றோருக்குப் புரியும். பயந்த வகைப் பெற்றோருக்கு முதல் இரண்டு வாரம் காலையில் ஒன்று, தூங்கி எழுந்ததும் ஒன்று என இரண்டு மெசேஜ் நீங்களாகவே அனுப்புங்கள். அவர்கள் கேட்டு நீங்கள் பதில் சொல்வதைவிட இதற்குப் பலன் அதிகம்.

ஊழியர்களின் சொந்த எண்களைப் பெற்றோரிடம் கொடுக்க வேண்டாம். மையத்துக்கு என ஒரே எண், பதில் சொல்லும் நேரம் இன்னது என்று அறிவிப்பு. வாட்ஸ்அப் குழு இருந்தால் அட்மின் மட்டும் எழுதும்படி மாற்றிவிடுங்கள். எல்லாரும் எழுதும் குழுவில் ஒரு புகார் விழுந்தால் அரை மணி நேரத்தில் ஐந்து பேர் சேர்ந்துகொள்வார்கள், அதில் மூன்று பேருக்கு விஷயமே தெரியாது.

இரவு பதினொன்றரைக்குக் கோபமான நீண்ட மெசேஜ் வந்தால் அப்போதே பதில் எழுதாதீர்கள். காலையில் இரண்டு வரி போதும்: "நீங்க எழுதினதை முழுசாப் படிச்சேன். இன்னைக்கு 11 மணிக்கு போன்ல பேசலாமா?" எழுத்தில் வாதாடினால் ஸ்கிரீன்ஷாட்தான் மிஞ்சும்.

படி 3: வாசலில் கோபம் வெடித்தால்

வாசலில் நிற்கும் ஊழியர் விளக்கமும் தரக் கூடாது, மன்னிப்பும் கேட்கக் கூடாது. அவர் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: "இதை நான் மேடம்கிட்ட சொல்றேன், இன்னைக்கே உங்களைக் கூப்பிடுவாங்க." சொன்னபடி அன்றே கூப்பிட்டுவிட வேண்டும். அது தவறினால் அடுத்த முறை அந்த வாக்கியத்துக்கு மதிப்பில்லை.

சந்திப்பைக் குழந்தை இல்லாத நேரத்தில், கதவு மூடிய அறையில், 30 நிமிடம் என்று முன்பே சொல்லி வையுங்கள். குறிப்பெடுக்க இன்னொருவர் உடன் இருக்கட்டும்.

1. நீங்கள் விளக்கத்தோடு தொடங்காதீர்கள். "என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரிஞ்சதை முதல்ல சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு, அவர் முடிக்கும்வரை குறுக்கிடாதீர்கள்.

2. அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதி, படித்துக் காட்டுங்கள். "இதுல ஏதாவது விட்டுப்போச்சா?" என்று கேளுங்கள். கோபத்தின் பெரும்பகுதி இங்கேயே வடிந்துவிடும். யாராவது காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்பதுதான் பலருக்கும் தேவை.

3. உங்களிடம் இருக்கும் பதிவைக் காட்டுங்கள். உறுதியாகத் தெரியாததற்குப் பதில் சொல்லாதீர்கள். "அந்த நேரத்துல யார் அறையில இருந்தாங்கன்னு பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன்" என்றால் அதில் குறை ஒன்றுமில்லை.

4. என்ன செய்யப்போகிறீர்கள், யார் செய்வார், எந்தத் தேதிக்குள் என்று சொல்லுங்கள். செய்ய முடியாதது எது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

5. பேசியதை 24 மணி நேரத்துக்குள் சுருக்கமாக எழுதி மெயிலில் அனுப்புங்கள். இந்தப் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு மாதம் கழித்து இரு தரப்பும் இரண்டு விதமாக நினைவு வைத்திருப்பார்கள்.

நடுவில் குரல் உயர்ந்தால்: "நீங்க சொல்றதைக் கேட்கணும்னுதான் உட்கார்ந்திருக்கேன். சத்தம் போட்டா என்னால எழுத முடியாது." மறுபடியும் உயர்ந்தால் சந்திப்பை அங்கேயே நிறுத்தி, வேறு தேதி கொடுத்துவிட்டு எழுந்துவிடுங்கள்.

படி 4: அடிக்கடி வரும் நான்கு தகராறுகள்

கடி. டே கேரில் இதைவிடச் சூடான விஷயம் கிடையாது. ஒன்று முதல் மூன்று வயதுக்குள் கடிப்பது சாதாரணம். பேச்சு வராத வயது, பல் முளைக்கும் அவஸ்தை, பசி, தூக்கம், கூட்டம் எல்லாம் சேர்ந்து வாய்க்கு வரும். இது பெற்றோருக்கு அட்மிஷன் நாளிலேயே தெரிந்திருக்க வேண்டும். முதல் கடி விழுந்த அன்று சொன்னால் சாக்குப்போக்காகத்தான் கேட்கும்.

கடி விழுந்ததும் கடிபட்ட குழந்தையிடம்தான் முதலில் போக வேண்டும். அந்த இடத்தைச் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, குளிர்ந்த துணி வைக்கவும். தோல் கிழிந்திருந்தால் டாக்டரிடம் காட்டச் சொல்லவும். கடித்த குழந்தையிடம் "கடிக்கக் கூடாது, வலிக்கும்" என்று ஒரே வாக்கியம் போதும். அதட்டலும் நீண்ட உபதேசமும் அந்த வயதுக்கு ஏறாது. பிறகு மையத்தின் போனில் (ஊழியரின் சொந்தப் போனில் வேண்டாம்) ஒரு போட்டோ, சம்பவ அறிக்கை, அரை மணிக்குள் பெற்றோருக்கு அழைப்பு. அறிக்கையில் நேரம், இடம், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, என்ன செய்தோம், யார் பார்த்தார்கள் ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும்.

அடுத்து வரும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எந்தக் குழந்தை கடிச்சது?" பெயரைச் சொல்லாதீர்கள். கடிபட்ட குழந்தையே வீட்டில் பெயரைச் சொல்லியிருந்தாலும் நீங்கள் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லாதீர்கள். சொன்னால் மறுநாள் கேட்டுக்கு வெளியே இரண்டு குடும்பங்கள் மோதிக்கொள்ளும். "பேரை எங்களால சொல்ல முடியாது. நாளைக்கு உங்க பையன் யாரையாவது கடிச்சாலும் அவன் பேரையும் வெளிய சொல்லமாட்டோம்" என்றால் பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்கிறார்கள்.

"அந்தக் குழந்தையை வெளியே அனுப்புங்கள்" என்று ஒருவர் பிடிவாதமாக நின்றால், பெயரைப் பற்றிப் பேசாமல் நீங்கள் செய்துகொண்டிருப்பதைச் சொல்லுங்கள். அதற்கு முதலில் ஏதாவது செய்திருக்க வேண்டும் அல்லவா? இரண்டு வாரத்துக்கு ஒவ்வொரு கடியையும் கடி முயற்சியையும் குறித்து வையுங்கள். பார்த்தால் பெரும்பாலும் ஓர் ஒழுங்கு தெரியும்: சாப்பாட்டுக்கு முந்தைய அரை மணி, ஒரே ஒரு பொம்மை இருக்கும் மூலை, எல்லாரும் ஒரே நேரத்தில் கை கழுவ நிற்கும் இடம். சாப்பாட்டைச் சற்று முன்னால் தள்ளுவது, அதே பொம்மையில் இன்னும் இரண்டு வாங்குவது, கை கழுவ மூன்று மூன்று பேராக அனுப்புவது, அந்த நேரத்தில் ஒரு ஊழியர் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் நிற்பது என்று மாற்றுங்கள். இந்த மாற்றங்களைத் தேதியோடு சொல்லும்போது எதிரில் இருப்பவரின் குரல் இறங்கும். கடித்த குழந்தையின் பெற்றோரிடமும் அன்றே, தனியாக, வேறு யார் காதிலும் விழாமல் பேசுங்கள். அவர்கள் பெரும்பாலும் கூனிக் குறுகித்தான் நிற்பார்கள்.

நோய். காலையில் பாராசிட்டமால் சிரப் கொடுத்துவிட்டுக் கொண்டுவந்து விடுவது எல்லா மையத்திலும் நடக்கும். அதன் பலன் நான்கு முதல் ஆறு மணி நேரம்தான் என்பதால், மதியத்துக்குள் காய்ச்சல் மேலே வந்துவிடும். பெற்றோரைத் திருடனைப் பிடித்த மாதிரி நடத்தாதீர்கள், அவர்களுக்கு லீவு கிடைத்திருக்காது. ஆனால் விதி அசையக் கூடாது: 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டால் ஒரு மணி நேரத்துக்குள் வந்து அழைத்துச் செல்ல வேண்டும். மருந்தில்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்தால்தான் திரும்ப வரலாம். வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் கடைசியாகப் போனதிலிருந்து 48 மணி நேரம். சின்னம்மை என்றால் கொப்புளம் எல்லாம் பொருக்குத் தட்டியிருக்க வேண்டும். உங்கள் ஊர்ச் சுகாதாரத் துறையின் விதி இதைவிடக் கடுமையாக இருந்தால் அதுதான் செல்லும். போன் செய்யும்போது "ஜுரம் மாதிரி இருக்கு" என்று சொல்லாமல், அளவையும் நேரத்தையும் சொல்லுங்கள்: "11:20க்குப் பார்த்தோம், 38.6 இருக்கு." எண்ணோடு யாரும் வாதாட முடியாது. காலையில் வாங்கிக்கொள்ளும்போதே "இன்னைக்கு ஏதாவது மருந்து கொடுத்தீங்களா?" என்று எல்லாரிடமும் கேட்டு எழுதிக்கொள்வதை வழக்கமாக்கினால் பாதிப் பேர் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். மூன்று மாதத்துக்குக் குறைவான கைக்குழந்தைக்கு 38 டிகிரி வந்தால் அது டாக்டரிடம் உடனே போக வேண்டிய விஷயம். தலையில் அடிபட்டால், எவ்வளவு லேசாகத் தெரிந்தாலும், சாயங்காலம்வரை காத்திருக்காமல் உடனே போன் செய்துவிடுங்கள்.

தாமதம். சின்னதாக ஓர் அபராதம் போட்டால் சரியாகிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் பத்து டே கேர்களில் நடந்து 2000-ல் வெளியான ஓர் ஆய்வு வேறு கதை சொல்கிறது. உரி நீசி, ஆல்டோ ருஸ்டிகினி என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் செய்தது. சில மையங்களில் பத்து நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் பத்து ஷெக்கல் (இஸ்ரேல் நாணயம்) அபராதம் என்று வைத்தார்கள். தாமதம் கூடியது! பிறகு அபராதத்தை எடுத்துவிட்ட பின்னும் பழைய அளவுக்கு இறங்கவில்லை. டீச்சரைக் காக்க வைக்கிறோமே என்ற கூச்சம் போய், காசு கொடுத்து நேரம் வாங்குகிறோம் என்ற கணக்கு வந்துவிட்டது என்பது அவர்களின் விளக்கம்.

அதனால் கட்டணம் வைத்தால் உறைக்கும் அளவில் வைத்து, கூடவே எண்ணிக்கையையும் வையுங்கள். முதல் பத்து நிமிடம் சலுகை, அதற்கு மேல் 15 நிமிடத்துக்கு ஒரு தொகை, வந்த நேரத்தை அங்கேயே பதிவேட்டில் எழுதிப் பெற்றோரின் கையெழுத்து. ஒரு மாதத்தில் மூன்றாவது தாமதம் என்றால் நேரில் பேச்சு, அதன் பிறகும் தொடர்ந்தால் இடம் ரத்தாகலாம் என்று எழுத்தில் அறிவிப்பு. நிஜமாகவே வேலை நேரம் ஒத்துவராதவர்களுக்கு, தினமும் அரை மணி கூடுதல் என்ற தனித் திட்டம் இருந்தால் சண்டைக்கே இடமில்லை. தாமதக் கட்டணத்தில் ஒரு பங்கு காத்திருந்த ஊழியருக்குப் போகட்டும்.

தூக்கம். "பகல்ல தூங்க விடாதீங்க, ராத்திரி முழிச்சிக்கிட்டு உயிரை எடுக்கிறான்." இது நியாயமான களைப்பிலிருந்து வரும் நியாயமில்லாத கோரிக்கை. ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைக்குப் பகலும் இரவுமாக 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும், மூன்று முதல் ஐந்து வயதுக்கு 10 முதல் 13. கண் சொருகும் குழந்தையை வலுக்கட்டாயமாக விழிக்க வைக்கமாட்டோம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, ஒரு மாற்று கொடுங்கள்: தூக்கத்தை ஒன்றரை மணி நேரத்தோடு நிறுத்தி, மதியம் இரண்டரைக்குள் எழுப்புகிறோம். வீட்டுத் தூக்கத்தை அவர்களும் மையத்துத் தூக்கத்தை நீங்களும் ஒரு வாரம் எழுதி ஒன்றாக வைத்துப் பார்த்தால், எங்கே மாற்ற வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும்.

ஃபீஸ் பாக்கியைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. முன்கூட்டியே வாங்குங்கள், பாக்கி டெபாசிட் தொகையைத் தாண்ட விடாதீர்கள், வாசலில் குழந்தையின் முன்னால் கேட்காதீர்கள், ஊழியரைக் கேட்க வைக்காதீர்கள்.

படி 5: ஊழியரை விட்டுக்கொடுக்காதீர்கள்

பெற்றோர் முன்னால் டீச்சரின் பேச்சை நீங்கள் மாற்றினால், மறுநாளிலிருந்து அந்த டீச்சரை யாரும் மதிக்கமாட்டார்கள். திருத்த வேண்டியதை உள்ளே திருத்துங்கள். சிசிடிவி காட்சி கேட்டால், உங்கள் நாட்டுத் தனியுரிமைச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு அலுவலகத்தில் வைத்துக் காட்டலாம். அதில் மற்றக் குழந்தைகளும் இருப்பார்கள் என்பதால் ஃபைலாக அனுப்பவே வேண்டாம்.

ஊழியர் குழந்தையை அடித்தார், தவறாகத் தொட்டார் என்ற புகார் வந்தால் மட்டும் மேலே சொன்ன சமரச நடைமுறை எதுவும் பொருந்தாது. "அவங்க அப்படிச் செய்ற ஆளே இல்ல" என்று சொல்லாதீர்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ளும் மன்னிப்பும் வேண்டாம். சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதி, தேதி, நேரம், கையெழுத்து வாங்குங்கள். அந்த ஊழியரைக் குழந்தைகளுடன் இருக்கும் வேலையிலிருந்து அப்போதே விலக்கி வையுங்கள். குழந்தையை நீங்களாகக் கேள்வி கேட்டு விசாரிக்காதீர்கள், பின்னால் நடக்கும் முறையான விசாரணை அதனால் கெட்டுப்போகும். காட்சிப் பதிவு அழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் நாட்டுச் சட்டப்படி யாருக்குத் தெரிவிக்க வேண்டுமோ அவர்களுக்கு அன்றே தெரிவியுங்கள்.

படி 6: பாதுகாப்பு சம்பந்தப்பட்டவை

பிரிந்து வாழும் பெற்றோரில் ஒருவர், "அவர் வந்தா குழந்தையைக் கொடுக்காதீங்க" என்பார். வெறும் வாய்ச்சொல்லை வைத்துச் சட்டப்படியான இன்னொரு பெற்றோரைத் தடுக்கும் உரிமை பொதுவாக மையத்துக்குக் கிடையாது. நீதிமன்ற உத்தரவின் நகலைக் கேட்டு வாங்கி ஃபைலில் வையுங்கள், அதில் எழுதியிருப்பதை அப்படியே பின்பற்றுங்கள். யார் பக்கம் நியாயம் என்று ஒரு வார்த்தைகூடப் பேசாதீர்கள், அது நீதிமன்றத்தில் உங்கள் பெயரோடு வந்து நிற்கும்.

குடித்துவிட்டு வண்டியில் வந்து குழந்தையைக் கேட்டால், வாசலில் வாதாடாமல் உள்ளே உட்கார வைத்து, அவசரப் பட்டியலில் இருக்கும் அடுத்தவரைக் கூப்பிடுங்கள். டாக்சி ஏற்பாடு செய்ய முன்வாருங்கள். கேட்காமல் குழந்தையோடு வண்டியை எடுத்தால், வண்டி எண்ணைச் சொல்லிக் காவல்துறைக்கு உடனே போன் செய்யுங்கள். குழந்தையைப் பிடித்து இழுக்கும் போட்டியில் மட்டும் இறங்காதீர்கள்.

படி 7: ஒப்பந்தத்தை முடிப்பது

எழுத்தில் இரண்டு எச்சரிக்கை கொடுத்தும் மாறவில்லை என்றால் முடித்துக்கொள்ளும் நேரம் வந்துவிட்டது. மிரட்டலோ கைநீட்டலோ என்றால் எச்சரிக்கைக்கே காத்திருக்க வேண்டாம். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது: ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவு, எந்தெந்தத் தேதிகளில் பேசினோம், கடைசி நாள் எது, டெபாசிட் எவ்வளவு எந்தத் தேதியில் திரும்ப வரும். குணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இருக்கக் கூடாது. கடிதத்தை வெள்ளிக்கிழமை மாலை போனில் பேசிய பிறகு மெயிலில் அனுப்புவது நல்லது, திங்கள் காலைக்குள் முதல் கோபம் ஆறியிருக்கும். டெபாசிட்டைச் சொன்ன தேதிக்கு முன்பே திருப்பிவிடுங்கள். சண்டையை இழுக்க வேறு பிடிமானம் கிடைக்காது.

குழந்தைக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை என்பதால், கடைசி நாள் வரை அதே மடி, அதே பாட்டு, அதே தூக்க மூலை. வரைந்த படங்களையும் மாற்று உடைகளையும் பையில் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

அதன் பிறகு இணையத்தில் ஒற்றை நட்சத்திரத்தோடு ஒரு விமர்சனம் வரலாம். பதில் ஒன்றே ஒன்று, அதுவும் இப்படி இருக்கட்டும்: "குடும்பங்களின் விவரங்களைப் பொதுவெளியில் பேசுவதில்லை. எங்களை நேரில் அணுகினால் பேசத் தயாராக இருக்கிறோம்." அவர் இங்கே குழந்தையை விட்டிருந்தார் என்பதைக்கூட அந்தப் பதில் உறுதி செய்யக் கூடாது. சம்பவ அறிக்கைகள், தாமதப் பதிவேடு, மெயில்கள் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, உங்கள் உரிம விதியும் இன்சூரன்ஸ் நிறுவனமும் சொல்லும் காலம் வரை பூட்டி வையுங்கள்.